அம்மாக்கண்ணுக்கு ஷோட்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ‘ஷோட்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வரிசை வீடுகளான லயத்தில் பட்டென்று விளக்கு அணைந்து எங்கேயோ வயர் கருகிய நாற்றம் வந்தால் அது ஷோட். ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அவருக்கும் ஷோட். முதலாவதற்குக் கரண்ட் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுவார்கள். இரண்டாவதற்கு யாரையும் கூப்பிடுவதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

போன வருடம் ஆவணி மழையில் அம்மாக்கண்ணுக்கு ஷோட் என்று பேச்சு கிளம்பியது.

அம்மாக்கண்ணு பிள்ளைக் காம்பிராவின் ஆயம்மா. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. வாசல் பலகையில் மூன்று மொழிகளில் நீளமான வேறொரு பெயர் எழுதியிருக்கிறது. அதை எழுதியவருக்குப் பிறகு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. அம்மாக்கண்ணு முன்பு கொழுந்து எடுத்தவள்தான். ஒரு மழைநாளில் கொழுந்துக் கூடையோடு சரிவில் சறுக்கி முழங்கால் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு மேட்டில் ஏற முடியாமல் காம்பிராவுக்கு வந்தாள். கணவர் வீரய்யா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல் பக்கத்தில் இருக்கிறார். தீபாவளிக்கு வருவார். ஒரே மகளை லிந்துலையில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆகவே அவளுக்குப் பகல் முழுக்கக் காம்பிரா, இரவு முழுக்க முழங்கால் வலி.

நல்லவள், ஆனால் வாய் அடங்காதவள். பால்மா கட்டி தட்டியிருக்கிறது என்பாள். பாய் ஈரம் என்பாள். தகரக் கூரை ஒழுகுகிறது, ஜன்னல் கொக்கி பிடிக்கவில்லை, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திப் புகை விடுகிறார் என்பாள். பாதிக்குப் பாதி சரியான குறைதான். எந்தப் பாதி என்று பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. “ஆயம்மா ஆரம்பிச்சிட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் தாய்மார் நடந்துவிடுவார்கள்.

அவள் கடைசியாகச் சொன்ன குறை, குழாய் கடிக்கிறது என்பது.

காம்பிராவின் பின்பக்கம் சின்னச் சமையலறை. அதில் ஒரு சிமெந்துத் தொட்டி, தொட்டிக்கு மேலே ஒரு பித்தளைக் குழாய். அந்தக் குழாய்தான் கடிக்கிறதாம். யாரும் கேட்கவில்லை. அவள் சொன்னதையே சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, செய்ய ஆரம்பித்தாள். மரக்கரண்டியைக் கொடுத்துக் குழாயைத் திறந்தாள். மூடும்போதும் கரண்டிதான். பழைய சேலைத் துண்டொன்றைக் குழாய்க்குச் சுற்றிக் கட்டினாள். தொட்டிக்குப் போகும் வழியில் குறுக்கே ஒரு துணிக்கயிறு கட்டினாள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாமல், வாளியில் தண்ணீர் மொண்டு வந்து முன்னறையில் வைத்துக் கை கழுவிவிட்டாள். போதாததற்குக் குழாயோடு சண்டை வேறு. “இரு, ஒனக்கு ஒரு நாளைக்கு இருக்கு” என்று அவள் குழாயைப் பார்த்துத் திட்டியதை வினோதா தன் காதால் கேட்டிருக்கிறாள். வினோதாவின் இரண்டு வயது மகன் அந்தக் காம்பிராவில்தான் வளர்கிறான். அவள் பயந்ததில் தப்பில்லை.

குழாயைப் பார்க்க ஆள் வராமலும் இல்லை. கிஷாந்த் வந்தான். அம்மாக்கண்ணுவின் அண்ணன் மகன், பொகவந்தலாவை பஜாரில் கரண்ட் வேலை செய்கிற பாஸ். கோயில் திருவிழாவுக்கு லைட் போடுவதிலிருந்து லயத்துக்கு பல்ப் மாற்றுவது வரை தோட்டத்தில் அவன்தான். அவன் வந்த அன்று நல்ல வெயில். டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. கையால் பிடித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. வெளியே வந்து, வாசலில் நின்ற தாய்மாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“கொழாயில ஷோட் இல்லைங்க. எங்க அத்தைக்குத்தான் ஷோட்.”

அத்தையைக் கேலி செய்ய அண்ணன் மகனுக்கு உரிமை உண்டு. அவன் அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் சொன்னவன் கரண்ட் பாஸ். வேறு யாராவது சொல்லியிருந்தால் பகிடி. பாஸ் சொன்னதால் அது சோதித்துப் பார்த்துச் சொன்ன முடிவு போலாகிவிட்டது. அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்தப் பேச்சு. மறுநாள் காலை பெரட்டில், வேலை பிரிக்கும்போது, கண்டாக்கு ஐயாவே சிரித்தாராம்.

அதே வாரம் பால் சட்டி விழுந்தது. காய்ச்சிய பாலை ஆற்றுவதற்காகச் சட்டியைத் தொட்டியில் வைக்கப் போனவள், முழங்கை குழாயில் பட்டதும் சட்டியை எறிந்துவிட்டாள். நல்லவேளை, பக்கத்தில் குழந்தை எதுவும் இல்லை. அந்தச் சத்தத்தில் வினோதா வந்து மகனைத் தூக்கிக்கொண்டு, “நாளைக்கு இங்க விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்னும் இரண்டு தாய்மார் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

பிறகுதான் கிருஷாந்தி என்னைத் தேடி வந்தாள். மூன்று டிவிசன் காம்பிராக்களையும் மேற்பார்வை பார்க்கிற பெண். படித்தவள், நியாயமானவள், எப்போதும் அவசரத்தில் இருப்பவள்.

“ராக்காயிம்மா, நீங்க கெயார்கிவர் படிச்சு வெளிநாட்டுல வயசானவங்களப் பாத்தவங்க. மறதி நோய் எப்படி ஆரம்பிக்கும்னு ஒங்களுக்குத் தெரியும். ஆயம்மாவ வந்து ஒருக்கா பாருங்க. வெள்ளிக்கிழம ஆபீசுல கூட்டம். அவங்கள நிப்பாட்டிட்டு மலைக்குத் திருப்பி அனுப்புறதுன்னு பேசிக்கிறாங்க.”

“அந்த முழங்காலோட மலைக்கா?”

“அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. ஆனா புள்ளைங்க இருக்கிற எடம், ராக்காயிம்மா. நான் என்னா சொல்றது?”

அவள் சொன்னது சரி. மறதி நோய் தொடங்கியவரிடம் இருபது குழந்தைகளை விட முடியாது. அம்மாக்கண்ணு எனக்கு வேண்டியவள் என்பதற்காக நான் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். வந்து பார்க்கிறேன் என்றேன்.

போனேன். அன்றும் வெயில். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. காம்பிராவுக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது அம்மாக்கண்ணுவின் சட்டம். குழந்தைகள் தரையில் உருள்கிற இடம் என்பதால் அவள் வெறுங்காலோடுதான் நிற்பாள். எனக்குச் சர்க்கரை. காலில் புண் வந்தால் ஆறாது. ஆகவே என் ரப்பர் சப்பாத்துக்கு மட்டும் அனுமதி. கிருஷாந்திக்கும் உண்டு, அவள் அதிகாரி என்பதால்.

“நீயும் வந்துட்டியாக்கா பைத்தியத்தப் பாக்க?” என்றாள் அம்மாக்கண்ணு.

“ஒக்காரு. கேக்குறதுக்குப் பதில் சொல்லு. இன்னைக்கு என்னா கெழம?”

“செவ்வாய். கெழம தெரியாமலா கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன்?”

“மூணு பொருள் சொல்றேன், ஞாபகத்துல வச்சுக்க. வாளி, சீப்பு, எலுமிச்சம்பழம்.”

“எதுக்கு, சந்தைக்குப் போறியா?”

வேறு கேள்விகள் கேட்டேன். காம்பிராவில் இருக்கிற குழந்தைகளின் பெயர், தாயின் பெயர், யாருக்கு எந்தப் பால் ஒத்துக்கொள்ளாது, யார் கவிழ்ந்து படுத்தால்தான் தூங்கும். ஒன்றும் பிசகவில்லை. என்னிடம் இல்லாத தகவலும் வந்தது. வினோதாவின் மகனுக்கு இடது காதில் சீழ், தாய்க்கு இன்னும் தெரியாது, சொன்னால் கேட்பாளா என்று தெரியவில்லை என்றாள். கடைசியில் பொருள்களைக் கேட்டேன்.

“வாளி, சீப்பு, எலுமிச்சம்பழம். இதுக்கு நீ வெளிநாடு போய்ப் படிச்சியாக்கா?”

படித்ததில் பாதி இதுதான். மீதிப் பாதி, ஒருவர் விசித்திரமாக எதையாவது செய்தால், அதைத் தடுக்கும் முன் ஏன் செய்கிறார் என்று கேட்பது. நான் பார்த்த ஒரு கிழவர் தினமும் தலையணையைக் கதவுக்கு வெளியே எறிவார். மூளை போய்விட்டது என்று வீட்டார் சொன்னார்கள். தலையணைக்குள் எறும்பு.

“கொழாய எதுக்குக் கரண்டியால தொறக்குற?”

“கடிக்குதுன்னு நூறு தடவ சொல்லிட்டேன்.”

“எப்பிடிக் கடிக்குது?”

“சுள்ளுனு. வெரல்ல புடிச்சு முழங்கை வரைக்கும் ஓடும். நெறைய மழைன்னா தோள் வரைக்கும்.”

“மழைன்னா?”

“மழைக்குத்தான் கடிக்கும். வெயில்ல ஒன்னும் இல்ல. அன்னைக்கு கிஷாந்து வந்தப்ப வெயிலு. நான் சொன்னேன், டேய் மழைக்கு வாடானு. கேட்டானா?”

“இன்னைக்குத் தொடு பாப்போம்.”

எழுந்து போய்க் கயிற்றைத் தாண்டி, வெறுங்கையால் குழாயைப் பிடித்துத் திருகிக் காட்டினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தண்ணீர் வந்தது. மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு அவ்வளவு போதும். மனக்கோளாறு உள்ளவருக்குக் குழாய் கடித்தால் எல்லா நாளும் கடிக்கும். மறதி நோய் வந்தவருக்கு நேற்றுக் கடித்தது இன்று நினைவிருக்காது. மழை பெய்தால் மட்டும் வந்து வெயிலுக்கு நின்றுபோகிற நோயை நான் பார்த்ததில்லை. மழைக்கு வருகிற கோளாறு கூரையில் இருக்கும், சுவரில் இருக்கும். தலைக்குள் இருக்காது.

“கயிறு அப்பிடியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். “புள்ளைங்கள அங்க விடாத.”

“அதத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன்! அதுக்குத்தானே நிப்பாட்டப் போறானுங்க!”

பகல் பஸ்ஸில் பஜாருக்கு இறங்கி இஸ்ஸதீன் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். டெஸ்டர் ஒன்று கேட்டேன். ஸ்க்ரூ டிரைவர் போலிருக்கும், நுனியில் கரண்ட் பட்டால் பிடிக்குள் சின்ன விளக்கு எரியும்.

“என்னத்துக்கும்மா ஒங்களுக்கு டெஸ்டர்? கரண்ட் பாஸ் வேலைக்கு எறங்கிட்டீங்களா?”

“தோட்டத்துல ஒரு கொழாயப் பாக்கணும், நானா.”

“ஓ, அந்த ஷோட் ஆயம்மாட கொழாயா?” சிரித்தார். “கரண்டியால தொறக்குறாவாமே. நம்ம கடைக்கு வாற எல்லாரும் சொல்றாங்க.”

“கடையில நீங்க சுவிட்சைத் திருத்தும்போது எதுமேல நிப்பீங்க?”

“மரப்பலகை மேல.” சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. டெஸ்டரைத் தன் கடைச் சுவரில் இருந்த ப்ளக்கில் சொருகி விளக்கு எரிகிறதா என்று சரிபார்த்துக் கொடுத்தார். “ஈரக் கையால புடிக்காதீங்கம்மா. நுனிய மட்டும் வைங்க.”

மறுநாள் விடியும்போதே மழை. தகரம் அதிர்ந்தது. கிருஷாந்திக்கு போன் போட்டு, வரமுடிந்தால் இப்போதே வா என்றேன். குடையோடு வந்தாள், அரைமனதோடு. சமையலறைத் தரை முழுக்கக் கூரை ஒழுகிய ஈரம். கிருஷாந்தி கயிற்றைத் தூக்கிவிட்டு நேரே போய்க் குழாயில் கையை வைத்துவிட்டாள். தடுக்க எனக்கு நேரமில்லை.

“ஒன்னுமே இல்லையே, ராக்காயிம்மா.”

“ஒன் காலப் பாரு. ரப்பரு. கைய எடு மொதல்ல.”

டெஸ்டரின் நுனியைக் குழாயில் வைத்தேன். பிடிக்குள் விளக்கு எரிந்தது. மங்கலாக இல்லை, நன்றாகவே எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது. கிருஷாந்தி தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எதைத் துடைத்தாளோ.

அம்மாக்கண்ணு சமையலறை வாசலில், இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்றாள். “பாத்தாச்சா?” என்றாள். அவ்வளவுதான். அவள் நீளமாகப் பேசாமல் விட்ட நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கிருஷாந்தி முன்னறையைப் பார்த்தாள். பாயில் குழந்தைகள், எல்லாம் வெறுங்கால். தொட்டியின் உயரம் நடக்கப் பழகிய குழந்தைக்குக் கைக்கெட்டும் உயரம். “புள்ளைங்க கொழாயில கை கழுவப் பழகணும், வாளியில கழுவுறது சுத்தமில்லைனு நான்தான் ஒரு மாசமா ஆயம்மாவ ஏசிக்கிட்டு இருந்தேன்” என்றாள் மெதுவாக. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். அவள் கிஷாந்துக்கு போன் போட்டாள்.

கிஷாந்த் நனைந்துகொண்டு வந்தான். முதலில் நம்பவில்லை. “கரண்ட் லீக்கானா ட்ரிப் சுவிட்ச் தானா விழுந்துரும் பெரியம்மா. லீக்கக் கண்டுபுடிச்சு கரண்ட நிப்பாட்டத்தானே அது இருக்கு. அது விழலேன்னா லீக் இல்லைனு அர்த்தம்.” மெயின் பெட்டியைத் திறந்தான். திறந்தவன் குனிந்து உள்ளே வயரைத் தேடினான்.

“என்னா?” என்றேன்.

“ட்ரிப் சுவிட்ச்ல வயர் இல்ல.”

“யாரு கழட்டினது?”

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நான்தான். ஆடித் திருவிழாவுக்கு இங்கருந்துதான் கோயிலுக்கு லைட் இழுத்தேன். மழையில பல்ப் மாலை நனைஞ்சு சும்மா சும்மா ட்ரிப் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சாமி வெளிய வர்ற நேரம், லைட் போயிருச்சுன்னா எல்லாரும் என்னத்தான் ஏசுவாங்க. அதனால சுவிட்ச விட்டுட்டு டைரக்டா குடுத்தேன். திருவிழா முடிஞ்சு பல்ப அவுத்தேன். இத மறந்துட்டேன்.”

பல்பை அவிழ்த்தானே தவிர வயரை அவிழ்க்கவில்லை. அடுத்த வருடத்துக்கு உதவும் என்று மெயினோடு பூட்டியபடியே தகரத்தின் மேல் விட்டிருந்தான். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், தகர விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் கிழிந்திருந்தது. வெயிலில் ஒன்றும் ஆகாது. மழைக்குத் தகரம் நனைந்ததும் அதில் கரண்ட் ஏறி, தகரத்தை ஒட்டி இறங்குகிற இரும்புக் குழாய் வழியாகப் பித்தளைக் குழாய்க்கு வந்தது. ஊற்றிலிருந்து காம்பிரா வரை வருவது பிளாஸ்டிக் குழாய், அதனால் கரண்ட் வேறெங்கும் போக வழியில்லாமல் அந்த இரும்பிலேயே காத்திருந்தது. ஈரத்தரையில் வெறுங்காலோடு யார் வந்து தொட்டாலும் அவர் வழியாகப் போகும். வந்து தொட்டவள் ஒருத்திதான்.

“அப்ப இது ஷோட்டா?” என்று கிருஷாந்தி கேட்டாள்.

“ஷோட் இல்லீங்க டீச்சர். ஷோட்னா ரெண்டு வயரும் நேரா முட்டி டமார்னு போயிரும், எல்லாத்துக்கும் தெரியும். இது லீக்கு. லைட் எரியும், ரேடியோ பாடும், எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். தொடுறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்ப பாஸு சொன்னதுல பாதிதான் சரி” என்றாள் அம்மாக்கண்ணு. “கொழாயிலயும் ஷோட் இல்ல, எனக்கும் ஷோட் இல்ல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலையைச் செய்தான். கத்திக்கொண்டேயிருந்த சுவிட்சை விலக்கிவைத்தவன் அவன். கத்திக்கொண்டேயிருந்த மனுஷியை விலக்கப் பார்த்தது முழுத் தோட்டம். அவனை மட்டும் ஏசுவதில் எனக்கு விருப்பமில்லை. வயரை உருவி எடுத்தான், ட்ரிப் சுவிட்சைப் பழையபடி பூட்டினான், குழாய்க்கு எர்த் கம்பி இழுத்து மண்ணில் இறக்கினான். மழை விடவேயில்லை, சோதித்துப் பார்க்க அதுவும் நல்லதாகப் போயிற்று.

முடிவதற்குள் செய்தி மலைக்கு ஏறிவிட்டது. பகல் சாப்பாட்டுக்கு இறங்கிய தாய்மார் இடுப்பில் சுற்றிய படங்கும் கூடையுமாகக் காம்பிரா வாசலில் நின்றார்கள். வினோதாவும் நின்றாள், மகனை முதுகில் கட்டிக்கொண்டு.

“சரியாகிருச்சு அத்தை” என்று கிஷாந்த் மெயினைப் போட்டுவிட்டுச் சொன்னான். “இனிப் பயமில்ல.”

“அப்பிடியா மாப்ளே? செருப்பக் கழட்டு.”

“எதுக்கு?”

“கழட்டுன்னா கழட்டு. தண்ணியில நில்லு. கையையும் நனைச்சுக்க.”

வாசலில் சிரிப்புக் கேட்டது. கிஷாந்த் என்னைப் பார்த்தான். நான் டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்த்துவிட்டேன், எரியவில்லை. ஆனால் அதை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கரண்ட் வேலைக்காகப் போட்டிருந்த செருப்பைக் கழற்றினான். பேண்டை மடித்து விட்டுக்கொண்டு ஈரத்தரையில் போய் நின்றான். குழாய்ப் பக்கம் போன கை ஒரு நொடி நடுவில் நின்றது. எல்லோரும் பார்த்தோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான்.

“கடிக்குதா?”

“இல்ல அத்தை.”

“ரெண்டு கையாலயும் புடி.”

“இல்ல அத்தை, ஒன்னும் இல்ல.”

“எனக்கு இத்தன நாளா ஒன் கை நடுவுல நின்னுச்சே, அந்தப் பயம். தெரிஞ்சுக்க.” அதை அவள் சத்தமில்லாமல் சொன்னாள். வாசலில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. பிறகு தானும் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். கயிற்றை அவிழ்த்தாள். குழாயில் சுற்றிய சேலைத் துண்டைப் பிய்த்து மூலையில் எறிந்தாள்.

வினோதா வாசலில் நின்றபடியே முதுகிலிருந்து மகனை இறக்கினாள். பையன் வழக்கம்போல் உள்ளே ஓடினான்.

“கொண்டா இங்க” என்றாள் அம்மாக்கண்ணு. “சோத்துக்கு முன்ன கை கழுவணும். அப்பறம் நீ, வினோதா, சாயங்காலம் இவனக் காது டாக்டர்கிட்ட காட்டு. இடது காது. சீழ் வருது.”

“காட்டுறேன் ஆயம்மா” என்றாள் வினோதா, உடனேயே.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அம்மாக்கண்ணு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்று கிருஷாந்தி சொன்னாள். கூரை ஒழுக்கைப் பற்றித்தான் பேசினார்களாம், அம்மாக்கண்ணு எத்தனையோ மாதமாகச் சொன்ன அந்த ஒழுக்கு. இப்போதும் அவளை ஷோட் ஆயம்மா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டிய பெயர் எளிதில் போகாது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். ஆனால் அவள் ஒரு குறை சொன்னால் இப்போது யாராவது ஒருவர் நின்று, “எப்ப இருந்து, ஆயம்மா?” என்று கேட்கிறார். அவளுக்கு அது பழக்கமில்லாததால் சில நேரம் என்ன சொல்ல வந்தோம் என்றே மறந்துவிடுகிறது என்கிறாள். அதைக் கேட்டு நான் பயப்படவில்லை.

அன்றைக்கு அவள் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக் குழாயில் கை கழுவிவிட்டாள். முடிந்ததும் மரக்கரண்டியைக் கழுவி, பருப்புச் சட்டியில் போட்டுக் கிளறினாள்.